படிவம் நான்கில் எதை எடுப்பது: கணினி அறிவியலா, கூடுதல் கணிதமா, தமிழா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், பள்ளி விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவள். கணினி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவள் பள்ளியில் படிவம் ஒன்று முதல் மூன்று வரை ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடம்தான் நடந்தது; கணினிப் பாடமே இல்லை. அதனால் யூடியூபில் தமிழ்க் காணொளிகளைப் பார்த்து, போனிலேயே பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிப் பழகியிருக்கிறாள். இப்போது படிவம் நான்குக்குப் பாடத் தேர்வுப் பாரம் வந்துவிட்டது. பள்ளி கொடுத்திருக்கும் தொகுப்புகள் இரண்டு. ஒன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம். இன்னொன்றில் கணினி அறிவியல், வணிகம், கணக்கியல் கோட்பாடு. மகள் இரண்டாவதைக் கேட்டு அழுகிறாள். தாய்க்கும் அதுவே சரியென்று படுகிறது. "எஸ்.பி.எம்.-இல் (படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கணினி அறிவியல் எடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறைக்கே போக முடியாதாமே, உண்மையா?" என்று கேட்கிறார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் தந்தையோ, "பாடச் சுமை அதிகம், தமிழை விட்டுவிட்டுக் கணினியை எடுக்கட்டும், அதுவும் எதற்கு, இனிமேல் எல்லாவற்றையும் ஏ.ஐ. எழுதிவிடும்" என்கிறார். இதற்கிடையில் அருகிலுள்ள கோடிங் நிலையம் ஒன்று மாதம் 280 ரிங்கிட் என்றும், ஓராண்டுக்கு முன்பணமாகக் கட்டினால் 2,800 என்றும், அதன் சான்றிதழ் இருந்தால் மெட்ரிகுலேஷனுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) உதவும் என்றும் சொல்லியிருக்கிறது. கட்டலாமா என்பது கடைசிக் கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன். நீங்கள் அதைக் குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். "அத்தையின் பலகாரக் கடைக்குக் கணக்குப் போட ஏதோ எழுதினாள். 5 வெள்ளியும் 7 வெள்ளியும் கூட்டினால் 57 என்று வந்ததாம். ராத்திரி பதினொன்றரை வரை தூங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சரியாகிவிட்டது என்று குதித்தாள்."

அந்த ராத்திரி நடந்தது என்னவென்று சொல்கிறேன். பைத்தானில் பயனரிடம் ஒரு எண்ணைக் கேட்டு வாங்கினால், கணினி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஐந்தும் ஏழும் 57 ஆகும். 'இன்ட்' என்ற ஒரு சிறு கட்டளையால் அதை எண்ணாக மாற்றிய பிறகுதான் 12 வரும். பைத்தான் கற்கும் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். உங்கள் மகளுக்கு ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை, உருப்படியான கணினிகூட இல்லை. இருந்தும், விடை தவறு என்று தெரிந்ததும் போனை மூடி வைக்காமல், ஏன் தவறு என்று தோண்டிப் பார்த்திருக்கிறாள். பள்ளிகளில் ஆலோசக ஆசிரியராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரணம் இல்லை. பிள்ளைகள் பலரும் போனில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். வீடியோ வெட்டுவார்கள், விளையாடுவார்கள், அப்பாவின் வங்கிச் செயலியைக்கூடச் சரிசெய்து கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பிள்ளைக்குக் கணினி வரும் என்று பெற்றோர் நம்பிவிடுவார்கள். போனைப் பயன்படுத்தத் தெரிவது ஒன்று, கணினிக்குக் கட்டளை எழுதத் தெரிவது இன்னொன்று. உங்கள் மகளிடம் இருப்பது இரண்டாவது. ஆகவே அவளுடைய ஆசையைச் சின்னப் பிள்ளையின் பிடிவாதம் என்று தள்ள வேண்டாம்.

ஆனால் அந்த ஆசைக்கு எந்தப் பாடம் உண்மையில் துணை நிற்கும் என்பதில்தான் நீங்களும் அவளும் தவறான தகவலோடு இருக்கிறீர்கள்.

கணினி அறிவியல் எடுக்காவிட்டால் துறைக்கே போக முடியாதா?

போகலாம். நம் நாட்டில் கணினித் துறைப் பட்டப்படிப்புக்கு எஸ்.பி.எம். கணினி அறிவியல் கட்டாயம் இல்லை. பல பள்ளிகளில் அந்தப் பாடமே கிடையாது. அதைக் கட்டாயமாக்கினால் பாதிப் பிள்ளைகள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். சேர்க்கையின்போது கேட்கப்படுவது கணிதம். மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ. வகுத்த கணினித் துறைக்கான தர விதிகளை எடுத்துப் பார்த்தால், கணினி அறிவியல் பட்டத்துக்கு முதலில் தேடப்படுவது எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்தில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி. அது இல்லாதவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் முதலாண்டில் தனியாக ஒரு கணிதப் பாடம் வைத்து ஈடுகட்டுகின்றன. மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவுக்கும் கூடுதல் கணிதமும் அறிவியல் பாடங்களும் வேண்டும். படிவம் ஆறின் எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் போனாலும் அங்கே காத்திருப்பது கணிதம்தான்.

இப்போது உங்கள் பள்ளியின் இரண்டு தொகுப்புகளையும் மறுபடி பாருங்கள். கணினி அறிவியல் என்ற பெயர் உள்ள தொகுப்பில் கூடுதல் கணிதம் இல்லை. கூடுதல் கணிதம் உள்ள தொகுப்பில் கணினி அறிவியல் இல்லை. மகள் பெயரைப் பார்த்து இரண்டாவதை எடுத்தால், அதே துறையில் பட்டம் படிக்கப் போகும்போது முதல் தொகுப்பில் படித்த பிள்ளையைவிட இவளுக்கு வழி குறுகலாக இருக்கும். கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதறியது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள், கேட்டால் மனம் ஆறும். படிவம் நான்கில் எல்லோருக்கும் கட்டாயமான சாதாரணக் கணிதப் பாடநூலின் பொருளடக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாடம் எண் அடிமானம். பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வைத்து எல்லா எண்களையும் எழுதுவது எப்படி என்பது அங்கே வருகிறது. மூன்றாவது தர்க்கச் சிந்தனை: 'அப்படியானால் இப்படி', 'இதுவும் அதுவும்', 'இது அல்லது அது'. நான்காவது கணங்கள். ஐந்தாவது வலையமைப்பும் கோட்டுருவும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எந்த வழி குறுகியது என்று வரைபடச் செயலி கண்டுபிடிப்பதன் அடிப்படை அதில் இருக்கிறது. பல்கலைக்கழகக் கணினித் துறையில் முதலாண்டு மாணவர்கள் படிக்கும் விஷயங்களுக்கு அஸ்திவாரம் இந்த நான்கு பாடங்கள். 'கணினி' என்ற சொல் தலைப்பில் இல்லாததால் பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆசிரியர்களிலும் சிலர் சொல்லிக்கொடுக்கும்போது இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டுவதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம்.

கூடுதல் கணிதத்தின் முதல் பாடம் சார்பு. ஓர் எண்ணை உள்ளே கொடுத்தால் விதிப்படி இன்னோர் எண் வெளியே வரும். உங்கள் மகள் பைத்தானில் ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பை 'டெஃப்' என்று தொடங்கி எழுதுகிறாளே, அதுவும் ஏறக்குறைய இதேதான். பைத்தான் தெரிந்த பிள்ளைக்கு அந்த முதல் பாடம் மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும்.

அப்படியானால் இரண்டாவது தொகுப்பு வீணா?

இல்லை, வீண் என்று சொல்லவே மாட்டேன். படிவம் நான்கு, ஐந்தின் கணினி அறிவியல் நல்ல பாடம். நிரல் எழுதுதல், தரவுத்தளம், மனிதரும் கணினியும் எப்படி ஊடாடுகிறார்கள் என்பது, படிவம் ஐந்தில் தர்க்க வாயில்கள், இணையப் பக்க நிரலாக்கம் என்று அடுக்காகப் போகிறது. எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை, பள்ளியிலேயே செய்து காட்டும் செய்பணியும் உண்டு. அத்தையின் கடைக்குக் கணக்குச் செயலி செய்ய நினைக்கும் பிள்ளைக்கு அது பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவள் டிப்ளோமா வழியில் போக விரும்பினால் இரண்டாவது தொகுப்பு தாராளமாகப் போதும். கணினித் துறை டிப்ளோமாவுக்கு எம்.கியூ.ஏ. கேட்பது எஸ்.பி.எம்.-இல் குறைந்தது மூன்று கிரெடிட், அதில் ஒன்று கணிதம். பெர்மாத்தாங் பாவில் இருக்கும் செபராங் பிறை பாலிடெக்னிக் உங்கள் வீட்டுக்குப் பக்கம். தீவில் பாலேக் பூலாவ் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்குப் போனவர்கள் ஏராளம். கையால் செய்து கற்கும் பிள்ளைகளுக்கு மெட்ரிகுலேஷனின் ஓட்டத்தைவிட இதுவே பொருந்தும். இதைத் தாழ்ந்த வழி என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். ஆனால் பதினைந்து வயதிலேயே மற்ற வழிகளை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. உங்கள் மகளின் கணித மதிப்பெண் 68 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மதிப்பெண்ணில் இருக்கும் பிள்ளை கூடுதல் கணிதத்தைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை.

பயம் இருக்கும், அது நியாயம். 'எட்-மேத்ஸ்' என்றாலே அக்காமார், அண்ணன்மார் கதை கதையாகச் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். அதில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் புதுப் பாடத்தில் தடுமாறுவதில்லை. படிவம் இரண்டில் வந்த இயற்கணிதக் காரணிப்படுத்தலில் ஓட்டை இருந்திருக்கும், அது இங்கே வந்து காட்டிக்கொடுக்கும். பள்ளி விடுமுறையில் வேறு எதுவும் வேண்டாம், படிவம் இரண்டு கணிதப் புத்தகத்தில் அந்தப் பாடத்தை மட்டும் அவள் முதலிலிருந்து மறுபடி போடட்டும். அடைப்புக்குறியை விரிப்பதும், விரித்ததைத் திரும்ப அடைப்பதும் கைக்குப் பழகிவிட்டால் அடுத்த இருபடிச் சார்புகள் பாடம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

பள்ளியிடம் மூன்றாவது வழி கேளுங்கள்

பாரத்தில் இரண்டு தொகுப்புகள்தான் அச்சாகியிருக்கிறது என்பதால் உலகத்தில் இரண்டுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2020 முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பாகுபாடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆசிரியர், ஆய்வுக்கூடம், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்து விருப்பப் பாடங்களைத் தொகுப்பது பள்ளியின் கையில் இருக்கிறது. இயற்பியல், கூடுதல் கணிதம், கணினி அறிவியல் மூன்றையும் ஒரே தொகுப்பில் வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அவள் மருத்துவம் போகப் போவதில்லை. உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுக்க முடியுமா என்று கேட்பது நியாயமான வேண்டுகோள்.

இதை வகுப்பாசிரியரிடம் வாசலில் நின்று கேட்டு முடிக்காதீர்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் நேரம் கேட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் வழியாகக் கல்விப் பிரிவுத் துணை முதல்வரைப் பாருங்கள். கால அட்டவணை பெரும்பாலும் அவர் பொறுப்பில் இருக்கும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உயிரியலும் கணினி அறிவியலும் ஒரே நேரத்தில் நடக்கின்றனவா? அப்படி நடந்தால் மாற்றிக்கொள்ள இடமுண்டா? இதே வேண்டுகோளோடு வேறு பெற்றோர் வந்திருக்கிறார்களா? ஒருவர் கேட்டால் விதிவிலக்கு. எட்டுப் பத்துப் பேர் கேட்டால் பள்ளி யோசிக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வாட்சாப் குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள்.

பேசும்போது உரிமைக் குரல் வேண்டாம், வேண்டுகோளாகவே இருக்கட்டும். ஏனென்றால் இந்த மாற்றத்தைக் கட்டாயம் செய்துதர வேண்டும் என்று பள்ளியை நெருக்கச் சட்டம் இல்லை. ஆசிரியரே இல்லாமல் இருக்கலாம், கணினி அறையில் இருபது கணினிகளில் பாதி ஓடாமல் இருக்கலாம். மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முதல் தொகுப்பை எடுங்கள். கணினியை வீட்டில் தொடரலாம், கூடுதல் கணிதத்தை வீட்டில் தனியாகத் தொடர்வது கடினம். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

தமிழை விடச் சொல்கிறாரே

உங்கள் கணவரின் கவலை பாடச் சுமை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்கலாம் என்று அவர் நினைப்பது உண்மையில் நடக்காது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகு நடக்கிறது என்று. கணினி அறிவியல் நடப்பது பள்ளி நேரத்தில். தமிழை விட்டால் புதன்கிழமை பிற்பகல் காலியாகும், அவ்வளவுதான். கணினி அறிவியலுக்கு இடம் கிடைக்காது.

அப்புறம் எண்ணிப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறி ஐந்து. இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம், அதோடு உயிரியலோ கணினி அறிவியலோ நான்கு. மொத்தம் ஒன்பது. தமிழ் பத்தாவது. எஸ்.பி.எம்.-இல் 10ஏ, அதாவது பத்துப் பாடங்களில் ஏ, எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அரசாங்கம் 2024-இல் அறிவித்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகள் அந்த எல்லையைத் தொடுவாளா என்பது பிறகு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்குப் பத்தாவது பாடமாக இதைவிடக் கைவசமான பாடம் வேறு எது?

அவள் பைத்தான் கற்றதே தமிழில்தான், அதையும் மறக்க வேண்டாம். ஆங்கிலக் காணொளியில் புரியாமல் போயிருந்தால் அந்த 57-ஐ அவள் பார்த்திருக்கவே மாட்டாள். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கினார்; கணினியில் தமிழ் எழுத வழி தேடியவர்களில் நம் நாட்டுக்காரர் முன்வரிசையில் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டுக்கும் லாபம். மகளிடம் சொல்லுங்கள், பைத்தானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கடைச் செயலியில் 'விலை' என்றே எழுதிப் பார்க்கட்டும்.

ஒருவேளை பள்ளியே தமிழ் வகுப்பை நிறுத்தப் பார்த்தால் அது வேறு கதை. கல்விச் சட்டம் 1996-இன்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்துதர வேண்டும். அங்கே உரிமைக் குரலிலேயே பேசலாம்.

ஏ.ஐ. எழுதிவிடும் என்றால்

எழுதும். இப்போதே எழுதுகிறது. நிறையச் சரியாகவும், சில நேரம் அழகாகத் தவறாகவும் எழுதுகிறது. 5-ம் 7-ம் சேர்ந்து 57 ஆனால் எங்கே கோளாறு என்று தெரிந்தவர்தான் அதன் விடையை நம்பலாமா வேண்டாமா என்று சொல்ல முடியும். உங்கள் கணவர் தொழிற்சாலையில் இருக்கிறார், அவருக்கே தெரியும்: இயந்திரம் வந்த வரிசையில் ஆட்கள் குறைந்தார்கள், ஆனால் இயந்திரம் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியது. ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதுவதை மகளுக்குத் தடை செய்யவும் வேண்டாம். ஒரே விதி போதும்: அது எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று உங்களிடம் வாய்விட்டு விளக்கிய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து கேளுங்கள். சொல்ல முடியாமல் திணறும் வரி எதுவோ, அது அவள் இன்னும் படிக்க வேண்டிய வரி.

"பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று அத்தை சொன்னதாகவும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1972-இல் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நம் பினாங்கில்தான் திறந்தது. அன்றைக்கு வரிசையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொருத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள், நம் வீட்டு அத்தைகளும் சித்திகளும் அதில் இருந்தார்கள். அந்தச் சில்லுக்கு என்ன கட்டளை கொடுப்பது என்று கற்க அவர்களுடைய பேத்திகளுக்கு உரிமையில்லையா?

கோடிங் நிலையத்துக்குப் பணம் கட்டலாமா?

ஓராண்டுக்கு முன்பணமாகக் கட்டாதீர்கள். மெட்ரிகுலேஷனுக்கு உதவும் என்று அவர்கள் சொன்ன வாக்கை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். மெட்ரிகுலேஷனில் பிரதானமாகப் பார்க்கப்படுவது எஸ்.பி.எம். முடிவு. புறப்பாட நடவடிக்கைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது பள்ளி வழியாகப் பதிவாகும் நடவடிக்கை. தனியார் நிலையம் அடித்துத் தரும் சான்றிதழை நம்பி 2,800 ரிங்கிட் போடுவது வீண்.

நல்ல நிலையங்களும் உண்டு. போய்ப் பார்ப்பதானால் மூன்று விஷயம் கவனியுங்கள். தனியார் கல்வி நிலையங்கள் கல்விச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்க விடச் சொல்லுங்கள்: பிள்ளைகள் தாங்களாக எழுதுகிறார்களா, ஆசிரியர் திரையில் போட்டதைப் பார்த்து அப்படியே தட்டுகிறார்களா? மாதக் கட்டணமாக வாங்குவார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், தொடர் சேவை ஒப்பந்தத்தைப் பாதியில் ரத்து செய்ய பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 இடம் தருகிறது. நிலையம் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பழைய அலுவலக லேப்டாப் ஒன்றுக்குச் செலவிடுங்கள், அதுதான் என் யோசனை. பைத்தானுக்குப் பெரிய கணினி தேவையில்லை. நினைவகம் 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி. வட்டு, ஓரளவு தாங்கும் மின்கலம், இவை இருந்தால் போதும். கேமிங் கணினி வேண்டும் என்று அடம்பிடித்தால் அசையாதீர்கள். கடையிலேயே போட்டுப் பார்த்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விட்டு வாங்குங்கள். போன் திரையில் இருபது வரிக்கு மேல் நிரல் எழுதுவது கண்ணுக்கும் கெடுதல், முறையாகவும் பழகாது. லேப்டாப் வரும்வரை செபராங் ஜெயாவில் மாநிலப் பொது நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுங்கள்.

ராத்திரி நேரம் பற்றி: பத்தரைக்கு எல்லாத் திரையும் கூடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். அவள் மட்டும் இல்லை, வீட்டில் எல்லோருடையதும். நிரல் எழுதுவோருக்கான இணையக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். அங்கே கேள்வி கேட்டுக் கற்பது நல்லதுதான், ஆனால் முழுப் பெயர், பள்ளி, படம், போன் எண் எதுவும் போகக்கூடாது, யாராவது தனியாகப் பேசலாம் என்று அழைத்தால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் போன் பறிபோகும் என்ற பயம் அவளுக்கு இருக்கக்கூடாது, இருந்தால் மறைப்பாள். சிறார்களை இணையத்தில் வசப்படுத்துவது 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம். அப்படி ஏதும் நடந்தால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசிஹ் 15999-க்கு அழைக்கலாம், போலீசிலும் புகார் செய்யலாம்.

பாரத்தை ஒப்படைக்கும் தேதிக்கு முன்பே ஆலோசக ஆசிரியரைப் பார்த்துவிடுங்கள், சகோதரி. தேதி தாண்டினால் வகுப்பு எண்ணிக்கை முடிவாகிவிடும், அதன்பின் மாற்றம் வாங்குவது சிரமம். போகும்போது மகளின் கடைசித் தேர்வு முடிவுகளையும், அத்தை கடைக்கு அவள் எழுதிய அந்த நிரலையும் கொண்டுபோங்கள். ஆசிரியரிடம் அவளே அதை ஓட்டிக் காட்டட்டும். உங்கள் வாதத்தைவிட அது நன்றாகப் பேசும். பள்ளி என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள். பாடத் தொகுப்புப் பட்டியலின் நகல் இருந்தால் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன்.